வசனத்தின் வாலில் ஒரு மரியாதை

மாத்தளைப் பக்கத்து யட்டவத்தயில் மர்சூக்கின் பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை உண்டு. செவ்வாயும் வியாழனும் மாலை நாலரை மணிக்கு அந்த அறையில் திவாகரன் தமிழ் படிப்பித்தான். படித்தவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்லர். சிங்களம் பேசும் அரசாங்க உத்தியோகத்தர்கள். இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் அவர்களுடைய பதவி உறுதியாகும். ஜனவரியில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மே மாதம் முடியும்போது ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள்.

திவாகரனுக்கு இருபத்தாறு வயது. எதையும் முறையாகச் செய்கிறவன். ஒவ்வொரு வகுப்பும் முடிந்த பிறகு மூன்று நிரல் போட்ட கொப்பியில் எழுதுவான். முதல் நிரல் 'படிப்பித்தது', இரண்டாவது 'விளங்கியது', மூன்றாவது 'நான் விட்ட பிழை'. முதல் இரண்டும் நாலு வரியில் முடிந்துவிடும். மூன்றாவது மட்டும் பக்கம் தாண்டி ஓடும். 'வேண்டும் என்ற சொல்லுக்கு ஒன்பது உதாரணம் கொடுத்தேன். ஏழு போதுமாக இருந்திருக்கும். எட்டாவது உதாரணத்தின்போது சார்ஜன்ட் கொட்டாவி விட்டார். கொட்டாவிக்குக் காரணம் நானா, பகல் கடமையா என்று கேட்டிருக்கலாம். கேட்காதது இரண்டாவது பிழை.'

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. மாலை நாலு மணிக்கே கரன்ட் போய்விடும். மாத்தளையிலிருந்து வரும் பஸ் வந்தால் வரும். அதனால் திவாகரன் சைக்கிளில் வந்தான். ஏற்றத்தில் அவன் சைக்கிளைத் தள்ளினான், இறக்கத்தில் சைக்கிள் அவனைத் தள்ளியது. வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தால் மேல் அறை இருட்டாக இருக்கும். கரும்பலகையில் 'ஒளி' என்று எழுதினால் அது யாருக்கும் தெரியாது.

இந்த லட்சணத்தில் மொழி வகுப்புகளை நடத்தும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று வகுப்புகளில் எட்டுப் பேருக்குக் குறைந்தால் வகுப்பு மூடப்படும். மூடினால் அந்த ஒன்பது பேரும் பரீட்சைக்குப் போக முடியாது. திவாகரனுக்கு அதற்கு மேலும் ஒரு கவலை. அவன் கணக்கியல் படிப்பைப் பாதியிலும், கணினி வகுப்பைக் கால்வாசியிலும், கிட்டார் பழகுவதை மூன்றாம் நாளிலும் விட்டவன். தொடங்கி ஆறாவது மாதத்தைத் தொட்ட ஒரே காரியம் இந்த வகுப்புத்தான். இதுவும் நின்றால் குறை பெற்றோலில் இல்லை, தன்னிடம்தான் என்று அவன் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான்.

ஜூன் மாதத்து முதல் வியாழக்கிழமை மேல் அறையில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் மிட்வைஃப் சோமலதா. தோட்டங்களுக்கு நடந்தே போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர். கொப்பிக்கு உறை போட்டு, விதிகளுக்கு நம்பர் போட்டு எழுதுகிறவர். மற்றவர் தபாற்கந்தோர் லிகிதர் ஜயவீர. அவருக்குச் சந்தேகம் வந்தால் தீரும் வரை தானும் தூங்கமாட்டார், பக்கத்தில் இருப்பவரையும் விடமாட்டார்.

"மத்தவங்க எங்க மிஸ்?"

"எல்லாரும் பெற்றோல் கியூல, சேர்," என்றார் சோமலதா. "நேத்துல இருந்து."

"என்ட பைக்கும் கியூல," என்றார் ஜயவீர. "மச்சான பைக்ல உட்கார வச்சிட்டு வந்தேன்."

திவாகரன் வரவு எழுதும் இடாப்பைப் பார்த்தான். சின்னக் கரும்பலகையைப் பார்த்தான். அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "அப்ப நாமளும் அங்க போவோம். சரியான்னு தெரியல."

பெற்றோல் ஷெட்டிலிருந்து தொடங்கிய வரிசை சந்தையைத் தாண்டி வளைவில் திரும்பி எங்கேயோ போனது. வரிசையைச் சரிபார்க்கும் கடமையில் சார்ஜன்ட் ஏக்கநாயக்க நின்றார். வகுப்பில் பின் வாங்கில் அமர்கிற பெரிய உருவம். திவாகரன் கரும்பலகையோடு வருவதைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சேர்! வகுப்பு மேல தானே?"

"நீங்கள்லாம் கீழ இருந்தா நான் மேல இருந்து என்ன செய்ய, சார்ஜன்ட்? இங்கயே நடத்துவோம். சரியான்னு தெரியல."

நாற்பத்து மூன்றாவது வாகனத்திலிருந்து அறுபத்தோராவது வாகனம் வரை அவனுடைய மாணவர்கள் சிதறிக் கிடந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக, ஐம்பதாவதாக நின்ற ஆட்டோவின் பின்புறம் பலகையைச் சாத்தினான். அன்றைய பாடம் 'முன்னால், பின்னால், எத்தனையாவது'. மேல் அறையில் அதை நடத்தியிருந்தால் நாற்காலிகளை வைத்து விளக்கியிருப்பான். இங்கே விளக்கமே தேவைப்படவில்லை. 'எனக்கு முன்னால் நாற்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள்' என்ற வசனத்தை ஆறு மாதத்தில் யாரும் எதையும் சொல்லாத உருக்கத்தோடு சொன்னார்கள்.

"மாஸ்டர், 'எனக்கு முன்னால ஒருத்தன் பூந்துட்டான்' அத சொல்லிக் குடுங்க!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். "அது தான் இங்க தேவை!"

வேனில் சாய்ந்து நின்ற மர்சூக்குக்கு வேறு முறைப்பாடு. "இருக்கிறார்கள், இருக்கிறார்கள்னு யாரு மாஸ்டர் பேசுற? ஈக்கிறாங்க! ஈக்கிறாங்கன்னு சொல்லிக் குடுங்க. எங்கட கடைக்கு வந்தா அது தானே வெளங்கும்."

"கடைக்கு ஒரு தமிழ், பரீட்சைக்கு ஒரு தமிழ், மர்சூக் நானா."

"அப்ப பரீட்சைக்கு வந்து சாமான் வாங்கச் சொல்லுங்க."

இடாப்பில் அன்று பதினொரு பேர். வகுப்பை விட்டுப் போன இரண்டு பேர் தப்பிக்க வழியில்லாமல் வரிசையில் அகப்பட்டிருந்தார்கள். திவாகரன் அலுவலகத்துப் படிவத்தை நேர்மையாக நிரப்பினான். 'வகுப்பு நடைபெற்ற இடம்: பெற்றோல் வரிசை, 43 முதல் 61 வரை.'

இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்றாவது வாரத் தொடக்கத்தில் அலுவலகத்திலிருந்து இராஜகுமாரி மேடம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன அட்ரஸ்? நாப்பத்தி மூணுல இருந்து அறுபத்தி ஒண்ணு வரைக்கும்? தோட்டத்து லைன் வீடா?"

"இல்ல மேடம், வாகனம். அவங்க வகுப்புக்கு வர முடியாததால வகுப்பு அவங்ககிட்ட போச்சு. சரியான்னு தெரியல."

"எனக்கும் தெரியல. வர்ற வியாழக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன். வாசிக்க வைப்பேன், பேச வைப்பேன், ஆறு மணிக்கு வகுப்பு முடியும்போது தலைய எண்ணுவேன். எட்டு இல்லன்னா, தம்பி, நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தோட்டப் பக்கமிருந்து ஒரு மனிதர் மடித்த குடையோடு ஓடி வந்து, நேரே சோமலதாவின் முன்னால் நின்றார். சுதர்ஷினி என்ற கர்ப்பிணியின் புருஷன்.

"என்ன மிஸ், நேத்து வந்து இப்பிடிச் சொல்லிட்டுப் போயிட்டீங்க! சுதர்ஷினி ராவுல இருந்து சோறு தின்னல. மாமியார் மூணு கோயிலுக்கு நேந்துட்டாங்க!"

சோமலதா பதறிப்போனார். "நான் நல்ல செய்தி தானே சொன்னேன்? 'பிள்ளை நல்லா இருக்கு.'"

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு..." மிட்வைஃப் நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்புவிக்கும் தெளிவோடு சொன்னார். "சரியான்னுதெரியல."

"அதான்! அதத்தான் கேக்கிறேன்! நல்லா இருக்கா, தெரியலயா?"

திவாகரனின் கையில் சுண்ணக்கட்டி அந்தரத்தில் நின்றது.

"மிஸ், அத ஏன் கடைசியில சொன்னீங்க?"

"மரியாதைக்கு, சேர்."

உறை போட்ட கொப்பியைத் திறந்து காட்டினார். சிங்கள எழுத்தில், சிவப்பு மையில், விதி பதினான்கு: வசனத்தின் முடிவில் 'சரியான்னுதெரியல' சேர்த்தால் மரியாதை. பொதுமக்களிடமும் நோயாளிகளிடமும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

"இத நான் எப்ப படிப்பிச்சேன்?"

"படிப்பிக்கல்ல, சேர். பேசுறீங்க. எல்லா வசனத்துலயும். நாங்க பார்த்தோம், நல்ல தமிழ் ஆள் இப்படித்தான் முடிக்கிறார்."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார். "நானும் சொல்றேன், சேர். 'லைசன் காட்டுங்க, சரியான்னுதெரியல.' நேத்து ஒருத்தர் என்னையே கேட்டார், நீங்க பொலிஸ் தானா என்று."

"கவுன்டர்ல நான் 'இந்தக் கடிதம் உங்களுக்குத்தான், சரியான்னுதெரியல' என்று குடுப்பேன்," என்றார் ஜயவீர கவலையோடு. "மூணு பேர் கடிதத்தத் திருப்பித் தந்துட்டாங்க."

ஆட்டோக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுதர்ஷினியின் புருஷனுக்கும் மெல்ல விஷயம் பிடிபட்டது. "அப்ப பிள்ளை?"

"நல்லா இருக்கு," என்றார் சோமலதா. அதற்கு மேல் வரப் பார்த்ததைக் கையால் வாயைப் பொத்தி நிறுத்தினார்.

திவாகரன் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக அவன் தமிழ் படிப்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால் தன்னுடைய பயத்தைப் பிரதி எடுத்துப் பதினொரு பேருக்கு விநியோகம் செய்திருக்கிறான். அதில் ஒரு பிரதி தோட்டம் வரை போய் ஒரு கர்ப்பிணியைப் பட்டினி போட்டிருக்கிறது. வகுப்பை அரைகுறையாக முடித்துவிட்டு, மர்சூக்கின் கடையில் ஒரு தாள் வாங்கி, மேசையோரத்தில் நின்றபடியே கடிதம் எழுதினான். மர்சூக் தோளுக்கு மேலால் எட்டி, சத்தமாக வாசித்தார்.

"'கௌரவ மேடம், இந்த வகுப்பை நடத்தும் தகுதி எனக்கு இல்லையென நினைக்கிறேன். ஆகவே வகுப்பை நிறுத்திவிடலாம். இது சரியா எனத் தெரியவில்லை.' அல்லாவே! விட்டுட்டுப் போற கடிதத்துலயுமா வால்?"

"சிரிக்காதீங்க, நானா. பதினொரு பேர கெடுத்து வச்சிருக்கேன்."

"ஒண்டு கேக்கிறேன், மாஸ்டர். எனக்கு நாலு புள்ளைகள். பதினஞ்சு வருஷமா பேசுறேன். ஒருத்தராவது நான் பேசுற ஒரு வசனத்த முழுசா கேட்டது இல்ல. ஒங்கட ஆக்கள் பதினொரு பேரும் கடைசிச் சொல்லு வரைக்கும் கேட்டீக்கிறாங்க. பெற்றோல் கியூல நிண்டுக்கிட்டு! அந்தக் காது ஈக்கிற ஆக்களுக்குச் சரியானத சொன்னா, அதையும் அப்படியே புடிக்க மாட்டாங்களா?"

மர்சூக் அந்தத் தாளை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி, அடுத்த வாடிக்கையாளருக்கு நூறு கிராம் கொச்சிக்காய்த்தூள் கட்டிக் கொடுத்துவிட்டார். திவாகரன் இன்னொரு தாள் கேட்டான். தாள் தட்டுப்பாடு என்றார் மர்சூக்.

புதன்கிழமை வகுப்பு நாள் அல்ல. இருந்தும் திவாகரன் சைக்கிளில் வந்தான். வரிசையின் நடுவில் நின்று அறிவித்தான். "விதி பதினாலு ரத்து. நான் அந்தச் சொல்லச் சொன்னா ஹோன் அடிங்க. நீங்க சொன்னா நான் விசில் அடிப்பேன். சார்ஜன்ட், விசிலக் குடுங்க."

"இன்னைக்கு 'ஆவது' வேற்றுமை படிப்போம்," என்று தொடங்கினான். "வேற்றுமை இல்ல... விகுதி. சரியான்..."

பதினேழு வாகனங்கள் ஒரே நேரத்தில் அலறின. மாணவர்களின் வாகனங்கள் ஒன்பதுதான். மிச்சம் எட்டும் ஆர்வலர்கள். சந்தைக்குள்ளிருந்து ஒரு மரக்கறி வியாபாரி பெற்றோல் ஏற்றிவரும் பவுசர் வந்துவிட்டது என்று நினைத்து வெற்றுக் கானோடு ஓடி வந்து, விஷயம் தெரிந்து, ஏசிவிட்டுப் போனார். முதல் கால் மணி நேரத்தில் ஒன்பது தடவை ஹோன் அடித்தது. தப்பிப்பதற்கு ஒரே வழி, வாய் திறக்கும் முன்பே விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்வதுதான். தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடினான். தெரியாததை, "நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றான். அதற்கு ஹோன் இல்லை என்று சார்ஜன்ட் தீர்ப்பு வழங்கினார். இருட்டும் நேரத்தில் கால் மணிக்கு இரண்டு என்று இறங்கியிருந்தது. பற்றரி இறங்கிவிடும் என்று சிலர் அடிக்காமல் விட்டதும் அதில் சேர்த்தி.

வியாழக்கிழமை இராஜகுமாரி மேடம் தன் சொந்த ஸ்கூட்டியில் வந்தார். அலுவலக வாகனத்துக்குப் பெற்றோல் இல்லை. ஸ்கூட்டியின் முள்ளும் படுத்தே கிடந்தது. அதனால் சோதனைக்கு வந்தவர் முதலில் வரிசையில் எழுபத்து நாலாவதாக ஸ்கூட்டியை நிறுத்தினார். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நேரம் நாலு நாற்பது.

பதின்மூன்று பேர் இருந்தார்கள். அன்றைய பாடம் 'ஆனாலும்'. மழை பெய்தது, ஆனாலும் சந்தை நடந்தது. கால் வலித்தது, ஆனாலும் நடந்தேன். மேடம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சரி தம்பி, இப்ப வாசிக்கட்டும். புத்தகத்துல இருக்கிறது வேணாம், அத மனப்பாடம் பண்ணியிருப்பாங்க." சுற்றிலும் பார்த்தார். ஷெட் வாசலில் ஒரு மட்டை தொங்கியது. மேலே சிங்களத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. "சார்ஜன்ட், அந்தத் தமிழ வாசிங்க."

சார்ஜன்ட் ஏக்கநாயக்க கண்ணைச் சுருக்கினார். எழுத்தெழுத்தாகப் போனார். "பெற்... றோர்... இல்லை." நிறுத்தினார். மீண்டும் வாசித்தார். மீசை ஆடத் தொடங்கியது. "மேடம், இது பிழை."

"என்ன பிழை? பெற்றோல் இல்லை. சரியாத்தானே இருக்கு."

"இல்ல, மேடம். பெற்றோல் இல்ல, பெற்றோர். பெற்றோர் என்றால் அம்மா, அப்பா. இந்த ஷெட்ல அம்மா அப்பா இல்ல."

மேடம் மட்டையைப் பார்த்தார். திவாகரனும் பார்த்தான். மூன்று வாரமாக அந்த மட்டைக்குக் கீழால்தான் சைக்கிளை உருட்டிப் போகிறான். ஒவ்வொரு நாளும் வாசித்து ஒவ்வொரு நாளும் மனம் நொந்திருக்கிறான். 'ல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ர்' இருந்தது அவன் கண்ணில் படவே இல்லை. தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இருக்க வேண்டியதை வாசித்திருக்கிறார்கள். இருந்ததை வாசித்தவர் சார்ஜன்ட் ஒருவர்தான்.

"எனக்கென்னவோ அது 'ல்' மாதிரித்தான் தெரியுது," என்றார் மேடம், பிடியை விடாமல். "தம்பி, நீங்க சொல்லுங்க."

பதின்மூன்று பேரும் திவாகரனைப் பார்த்தார்கள். மேடத்தின் பேனா படிவத்துக்கு மேல் நின்றது. வகுப்பின் உயிர் அந்தப் பேனாவில் இருந்தது.

"சார்ஜன்ட் சொன்னதுதான் சரி, மேடம்," என்றான் திவாகரன். "நீங்க வாசிச்சது பிழை. நானும் மூணு வாரமா பிழையாத்தான் வாசிச்சேன்."

மேடம் மட்டைக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தை இறுக்கமாக வைத்திருக்க அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. ஷெட் மனேஜர் வெளியே வந்து, "மூணு வாரமா ஊரே பார்த்துக்கொண்டு போச்சு, ஒருத்தரும் சொல்லல்லயே!" என்று சிங்களத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வளைவில் பவுசர் வந்தது.

மூன்று நாளாக உறங்கிக் கிடந்த வரிசை ஒரே நொடியில் எழுந்து உறுமியது. சார்ஜன்ட் விசிலோடு ஓடினார். ஆட்டோக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன, அவ்வளவு அவசரம். ஐம்பதாவது ஆட்டோ நகர்ந்ததில் கரும்பலகை கீழே விழுந்தது. ஜயவீர, "சேர், 'ஆனாலும்'..." என்று ஏதோ கேட்க வாய் திறந்தார். பின்னால் நின்ற வேன் அதட்டியதில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஐந்தே நிமிடத்தில் திவாகரனுக்கு முன்னால் சோமலதா மட்டும் நின்றார். அவரிடம் வாகனம் கிடையாது.

"ஆறு மணிக்கு எண்ணணும்னு சொன்னேன்," என்றார் மேடம். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "அவங்களக் குறை சொல்ல முடியாது, தம்பி. மூணு நாள் காத்துக் கிடந்த ஆளுங்க."

"நானும் குறை சொல்லல, மேடம்." பலகையை எடுத்துத் தூசி தட்டினான். மணி ஐந்து பத்து. "மிஸ், எழுதிக்குங்க. 'எல்லாரும் போனார்கள். ஆனாலும் வகுப்பு ஆறு மணி வரை நடந்தது.'"

சோமலதா எழுதினார். மேடத்தின் ஸ்கூட்டி வரிசையோடு நகர வேண்டியிருந்தது. அதை ஓட்டி எரிபொருளை வீணாக்க அவருக்கு மனமில்லை. எனவே மேடம் ஹாண்டிலைப் பிடிக்க, திவாகரன் பின்னால் ஒரு கையால் தள்ள, மறு கையில் பலகையோடு பாடம் நடந்தது. ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டி பம்பை அடைந்தது. மேடம் மூடியைத் திறந்தபடி, "ஒரு தலைதான், தம்பி," என்றார், யாரையும் பார்க்காமல்.

பம்பைத் தாண்டி வெளியே வந்தபோது, மதில் ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் இரண்டு ஆட்டோ. அதற்கப்பால் ஒரு கார். ஜயவீர ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கொப்பியை விரித்து வைத்திருந்தார். வகுப்பில் படிக்கும் கந்தோர்க்காரர்கள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், விவசாய உத்தியோகத்தர் எல்லோரும் அவரைச் சுற்றி இருந்தார்கள். விசில் கழுத்தில் தொங்க சார்ஜன்ட் வந்து சேர்ந்தார். கடைசியாக ஷெட் மனேஜர், ஒரு தூரிகையும் பெயின்ட் தகரமும் கையோடு வந்து ஓரத்தில் குந்தினார். அவருக்கு 'ல்' எப்படி எழுதுவது என்று தெரிய வேண்டியிருந்தது.

"எங்க போயிட்டீங்க, சேர்?" என்றார் ஜயவீர குற்றம் சாட்டுகிற குரலில். "எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்? எனக்கு 'ஆனாலும்' இன்னும் விளங்கல்ல."

திவாகரன் பலகையை மதிலில் சாத்தினான். எழுதி, வாசித்தான். "ஜயவீரவுக்குப் பெற்றோல் கிடைத்தது. ஆனாலும் அவர் வீட்டுக்குப் போகவில்லை."

ஜயவீர அதை அழகாக எழுதினார். எழுதி முடித்து, நெற்றியைச் சுருக்கி, அந்த வசனத்தை மறுபடி வாசித்தார்.

"ஏன் போகல்ல, சேர்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். மேடம் ஸ்கூட்டியின் இருக்கையில் படிவத்தை விரித்து, ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தவர், பதினாலில் பேனாவை நிறுத்திக் காது கொடுத்தார். ஜயவீர யோசித்து, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கியெடுத்து, திடமாகச் சொன்னார்.

"வீட்டுல கரன்ட் இல்ல, சேர்."